சுவருக்குச் சுவர்: ஆற்காடு சாலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் தொடங்கி பூந்தமல்லி வரைக்கும் கடை வைத்திருப்பவர்களே, குடியிருப்பவர்களே, ஆட்டோ ஓட்டுகிறவர்களே, தள்ளுவண்டிக்காரர்களே,

உங்கள் சங்கக் கூட்டங்கள் சிலவற்றில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். யார் எழுந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "ரயில் எப்போ சார் ஓடும்?" மெட்ரோ அதிகாரி வந்திருந்தால் அவரிடம், கவுன்சிலர் வந்திருந்தால் அவரிடம், யாரும் வராவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரிடம். நாலு வருஷமாகப் புழுதி தின்றவர்கள் வேறெதைக் கேட்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க ஊரே இருக்கிறது. பத்திரிகைகள் தினம் கேட்கின்றன, எதிர்க்கட்சி கேட்கிறது, கடன் கொடுத்த வங்கிகள் எல்லோரையும்விட உரக்கக் கேட்கின்றன. நீங்கள் கேட்காவிட்டாலும் ரயில் ஓடும். நீங்கள் கேட்டால் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மெட்ரோ வேலைக்காக அடித்த தகரத் தடுப்பை எடுத்த மறுநாள் உங்கள் வாசலில் என்ன இருக்கும் என்பதுதான் அது. அதை ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபரில். நடுவில் இருந்த காலமெல்லாம் மாநில அரசின் திட்டமாகவே இது நடந்தது. யார் பங்கு எவ்வளவு என்று டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த வாய்ச்சண்டையைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். நம் சாலையில் வருவது நான்காம் வழித்தடம்: கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரை, 26.1 கிலோமீட்டர். கடற்கரையிலிருந்து கோடம்பாக்கம் வரை சுரங்கம். பவர் ஹவுஸ் பக்கம் மேலே ஏறி, அங்கிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உயர்த்தப்பட்ட பாதை. 25ஜி பேருந்தில் போய்ப் பழகியவர்களுக்கு இந்தப் பாதையை விளக்கவே வேண்டாம்.

பூந்தமல்லி முனைதான் முதலில் முடிந்தது. பணிமனை அங்கே இருக்கிறது. ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் நிறுவனம் கட்டிய ஓட்டுநர் இல்லாத மூன்று பெட்டி ரயில் 2024-ல் அங்கே வந்து இறங்கியது. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை முதல் சோதனை ஓட்டம் நடந்தது. பிறகு போரூர் வரை ஓட்டிப் பார்த்தார்கள். மறுமுனையில், பனகல் பார்க்கிலிருந்து கிளம்பிய 'பீகாக்' என்ற துளையிடும் இயந்திரம் அதே வருடம் கோடம்பாக்கத்தில் வெளியே வந்தது. தி.நகர்க் கூட்டத்தையும் ரயில் தண்டவாளங்களையும் தாண்டி, கீழேயே நகர்ந்து வந்திருக்கிறது. பொறியாளர்களுக்குக் கைதட்டலாம். நானும் தட்டினேன்.

சோதனை ஓட்டம் நடந்துவிட்டால் அடுத்த வாரம் டிக்கெட் வாங்கலாம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தண்டவாளமும் 25 கிலோவோல்ட் மேல்நிலை மின்கம்பியும் இருந்தால் ரயிலை மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். அதற்குப் பிறகு சிக்னல் வேலை இருக்கிறது. வண்டியில் ஓட்டுநரே கிடையாது என்பதால், ரயில் எங்கே நிற்கிறது, முன்னால் எது நிற்கிறது, எப்போது பிரேக் போட வேண்டும் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு அறையும் ரயிலும் ரேடியோ அலையில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நடைமேடைக் கதவும் ரயில் கதவும் ஒன்றோடு ஒன்று பொருந்தித் திறக்க வேண்டும். ஆராய்ச்சி, வடிவமைப்புத் தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஆட்டத்தை அளந்து பார்க்கும். கடைசியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து, தீயணைப்புக் குழாய் முதல் நகரும் படிக்கட்டு வரை பார்த்துச் சான்று தந்தால்தான் பயணிகளை ஏற்றலாம். இதில் ஒரு மாதம் கூடினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். 2025 ஜூன் 12 இரவு ராமாபுரம் அருகே, மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலத்தின் இரண்டு கர்டர்கள் (கான்கிரீட் உத்தரங்கள்) கீழே விழுந்தன. இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று நாம் கூட்டத்தில் கத்தும்போது அந்த இரவை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. யு வடிவ கர்டர் ஒன்று நூறு டன்னுக்கு மேல் எடை வரும். அதைத் தூக்கி வைக்கிற வேலை நடக்கும்போது கீழே ஆள் நடமாட்டமே இருக்கக் கூடாது என்று நாம் கத்தியிருந்தால் அதில் பொருள் இருந்திருக்கும்.

இனி தரைக்கு வருகிறேன்.

மேம்பாலப் பாதை கட்டுவதில் சாலைக்காரர்களுக்குத் தெரிகிற கட்டங்கள் சில உண்டு. முதலில் மண் பரிசோதனைக்காக ஒரு சின்னத் துளை போட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் தகரம் வந்தது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, இணையக் கம்பி எல்லாவற்றையும் இடம் மாற்றினார்கள். ஆற்காடு சாலையின் அடியில் என்னென்ன புதைந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அரசாங்கத்துக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். தூணின் அடித்தளத்துக்குப் பைல் போடும் இயந்திரம் வந்தபோது சாலை பாதியாகச் சுருங்கியது. அதுதான் மிக மோசமான காலம். உங்களில் பலர் கடை வாடகையைக்கூட எடுக்க முடியாமல் தவித்தீர்கள். தூண் எழும்பியது. தூணின் தலை வந்தது. ராத்திரி ராத்திரியாக கர்டர் வந்தது. இப்போது மேலே பார்த்தால் பாலம் முழுசாகத் தெரிகிறது. அதனால் வேலை முடியப்போகிறது என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது.

மேலே இருப்பதற்கெல்லாம் வரைபடம் உண்டு. மில்லிமீட்டர் கணக்கில் உண்டு. கீழே இருப்பதற்கு என்ன இருக்கிறது? மெட்ரோ ஒப்பந்தங்களில் "சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்" என்று ஒரு வேலை கடைசியில் வரும். எந்தப் பழைய நிலை? 2020-ல் ஆற்காடு சாலை எப்படி இருந்தது என்பது நமக்கு மறந்துவிட்டது. வளசரவாக்கத்தில் நடைபாதை என்று எதையும் நான் பார்த்ததில்லை. விருகம்பாக்கத்தில் அது கடைப்படிகளுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே கண்ணாமூச்சி ஆடியது. அந்தப் பழைய நிலை யாருக்கும் வேண்டாம். போதாக்குறைக்கு, அந்தப் பழைய சாலையின் நடுவில் இப்போது தூண் வரிசை நிற்கிறது. தூணும் அதைச் சுற்றிய காப்புக் கட்டையும் ஒரு கார் அகலத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அந்த இழப்பை எங்கிருந்து ஈடு கட்டுவார்கள்? யாரும் எதுவும் சொல்லாவிட்டால் விடை தெரிந்ததுதான். இரண்டு பக்கமும் நடக்கிறவனுடைய இடத்தை வெட்டி வண்டிக்குக் கொடுப்பார்கள்.

முதல் கட்டத்தில் நூறடி சாலையில் இந்தப் பிரச்சினை இவ்வளவு உறைக்கவில்லை. 2015 ஜூனில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்தச் சாலை பெயருக்கு ஏற்றபடி அகலமாகவே இருந்தது, தூண்களைத் தாங்கிக்கொண்டது. ஆற்காடு சாலை அப்படி இல்லை. நவாபு காலத்து ஆற்காட்டுக்குப் போகிற வழி. ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டன. ஸ்டுடியோக்கள் வந்தன, ஸ்டுடியோவை நம்பி சாலிகிராமம் வந்தது, கல்யாண மண்டபங்கள் வந்தன, ஒவ்வொருவரும் சாலையை நோக்கி ஓரடி முன்னால் வந்து கட்டினார்கள். அகலமாக்குவதற்கு என்று மிச்சம் வைத்த இடம் எதுவும் இல்லை.

இதிலும் ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் சந்திப்பு வரைக்கும் உள்ளவர்கள் நிலைமை தனி. ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்கு அங்கே இரட்டை அடுக்குப் பாலம். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாம் வழித்தடமும் நம் நான்காம் வழித்தடமும் ஒரே தூணில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடப்போகின்றன. இரண்டு பாதைக்கு இரண்டு வரிசைத் தூண் நடாமல் ஒரே வரிசையில் முடித்தது நல்ல யோசனை. நிலம் கையகப்படுத்துவது குறைந்தது. ஆனால் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு வானம் போய்விட்டது. நிலையங்கள் வருகிற இடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் கடைக்குள் விளக்கு எரிகிறது. சித்திரை வெயிலுக்கு நிழல் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். மழை பெய்தால் டூவீலர்க்காரர்கள் அத்தனை பேரும் பாலத்துக்கடியில் வண்டியை நிறுத்தி ஒதுங்கப்போகிறார்கள், அப்போது பின்னால் வருகிற பஸ் எங்கே போகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை, கத்திப்பாராவில் நடப்பதைப் போய்ப் பாருங்கள்.

நிலையத்தின் படிக்கட்டு எங்கே இறங்குகிறது? இந்த ஒரு விஷயத்தில்தான் உங்கள் முழுக் கவனமும் வேண்டும். சாலைக்கு நடுவே உயரத்தில் நிலையம். அதிலிருந்து இரண்டு பக்கமும் படிக்கட்டு, நகரும் படிக்கட்டு, மின்தூக்கி இறங்க வேண்டும். நிலம் எடுத்து, கட்டிட வரிசைக்கு உள்ளே தள்ளி இறக்கினால் நடைபாதை பிழைக்கும். நிலம் கிடைக்காத இடத்தில் அது நடைபாதை மேலேயே வந்து உட்காரும். ரயில் ஏற வருகிறவன், நடைபாதையை மறைத்து நிற்கும் படிக்கட்டைச் சுற்றிச் சாலையில் இறங்கி நடந்துதான் படிக்கட்டில் ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மின்தூக்கி உண்டு, ஆனால் மின்தூக்கி வரைக்கும் வர வழி கிடையாது. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நடைபாதை விதிகள், இடையூறு இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கின்றன. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் தாண்டிப் போகிற அளவு அது. கடைவீதி என்றால் அதற்கு மேல் வேண்டும். படிக்கட்டுப் பக்கத்தில் அந்த 1.8 மீட்டர் இருக்கிறதா? டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. டிக்கெட் எடுக்காதவர்களும் நிலையத்தின் முதல் தளம் வழியாகச் சாலையைக் கடக்கலாமா? கட்டணக் கதவுக்கு வெளியே உள்ள பகுதி இரு பக்கத்தையும் இணைத்தால், ஆற்காடு சாலைக்கு ஒவ்வொரு நிலையமும் ஒரு நடைமேம்பாலம் ஆகும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் யூ-டர்ன் போடும் பஸ்ஸுக்கு முன்னால் ஓட வேண்டாம். அது ரயில் நேரத்தில் மட்டும் திறந்திருக்குமா, காவலாளி "எங்கே போறீங்க" என்று கேட்பாரா என்பதெல்லாம் இப்போதே முடிவாக வேண்டியவை. நிலையம் திறந்த பிறகு கேட்டால் பாதுகாப்புக் காரணம் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

வடபழனிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுரங்கம் முடிந்து கடற்கரை வரை ரயில் போகும்வரைக்கும், பூந்தமல்லியிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் வடபழனியில் இறங்கித்தான் பழைய பச்சை வழித்தடத்துக்கு மாறப்போகிறார்கள். கோயம்பேடு போகிறவர், சென்ட்ரல் போகிறவர், விமான நிலையம் போகிறவர் எல்லோரும் அங்கேதான். ஏற்கெனவே முருகன் கோயில் கூட்டம், மால் கூட்டம், பஸ் டிப்போ, கிருத்திகையன்று நடக்கவே இடமில்லாத தெருக்கள். ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரை இறங்காமலே போக வழி இருந்தால் ஒரு கதை. இறங்கி, நூறடி சாலைச் சந்திப்பைக் கடந்து, மறுபடி ஏற வேண்டியிருந்தால் வேறு கதை. இதை உங்கள் சங்கம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

"இதையெல்லாம் அவர்கள் யோசிக்காமலா இருப்பார்கள்?" என்று உங்களில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். யோசித்திருப்பார்கள். ஆனால் அந்த 'அவர்கள்' யார்? பாலம் மெட்ரோ நிறுவனத்துடையது. சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கும் குப்பையும் போரூர் வரை மாநகராட்சியுடையது, கோடம்பாக்கம், வளசரவாக்கம் என்று இரண்டு மண்டலம். அதைத் தாண்டினால் அய்யப்பன்தாங்கலும் காட்டுப்பாக்கமும் ஊராட்சிகள், அப்புறம் பூந்தமல்லி நகராட்சி. பஸ் நிற்கும் இடத்தை மாநகர் போக்குவரத்துக் கழகம் சொல்லும், போக்குவரத்துக் காவல்துறை மாற்றும். குழாய் குடிநீர் வாரியத்துடையது, கம்பி மின்வாரியத்துடையது. எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதற்கென்றே கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் 2010-லேயே சட்டமாக வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். மேஜை இருக்கிறது, ஆற்காடு சாலையின் தரையை அதன்மேல் எடுத்துப் போட ஆள் வேண்டும். என் கணக்கில் அந்த ஆள் நீங்கள்தான்.

அப்படி ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பறக்கும் ரயில் இருக்கிறது, அதை நாம் மறந்துவிடக் கூடாது. 1995-ல் கடற்கரை–சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று அது வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டு, தலைக்கு மேல் கோட்டை மாதிரி நிலையங்களைக் கட்டி வைத்தார்கள். கட்டிடம் பிரம்மாண்டம், உள்ளே போகிற வழி சந்து. எத்தனையோ வருஷம் அந்த மண்டபங்களில் புறாக்கள்தான் நிரந்தரப் பயணிகள். ஓடுகிற ரயிலில் குறை இல்லை. அடையாறு பக்கம் யாரைக் கேட்டாலும் ரயில் நல்ல ரயில் என்பார்கள். வாசலிலிருந்து நிலையம் வரைக்குமான இருநூறு மீட்டரைப் பற்றி யாரும் பொறுப்பேற்கவில்லை, அவ்வளவுதான். அதே பாதையை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் வேலை 2008-ல் தொடங்கியது. மொத்தமே 5 கிலோமீட்டர். அதில் அரை கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல், ஆதம்பாக்கம் பக்கத்தில் பாலம் அந்தரத்தில் வருஷக்கணக்காக நின்றது. அந்த அரை கிலோமீட்டர் வீட்டுக்காரர்களைப் பழி சொன்னவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். தனக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டித் தெளிவாகத் தெரியாத எவனும் சாவியைக் கொடுக்க மாட்டான்.

இனி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

வியாபாரிகள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தேன். முதல் வரியிலேயே "பாலத்துக்கு அடியில் வாகன நிறுத்தம்" என்று இருக்கிறது. வேண்டாம் என்கிறேன். தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தினால், நிறுத்தியவர் அங்கிருந்து கடைக்கு வர ஓடுகிற போக்குவரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அதைவிட, உங்கள் வாசலில் நாள் முழுக்க நிற்கும் கார் யாருடையது என்று ஒரு நாள் பாருங்கள். பெரும்பாலும் வாடிக்கையாளருடையது இல்லை. பக்கத்து ஆபீஸ்காரருடையது, சில சமயம் உங்களுடையதே. ரயில் வந்த பிறகு உங்கள் கடைக்கு வருகிறவர் படிக்கட்டிலிருந்து இறங்கி நடந்து வருகிறவர். அவர் நிம்மதியாக நடந்தால்தான் கண்ணாடிக்குள் இருக்கும் சட்டையைப் பார்ப்பார். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தியபோது அங்குள்ள வியாபாரிகளுக்கும் இதே பயம் இருந்தது. இப்போது அங்கே ஷட்டர் வாடகை என்ன என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கு: உங்கள் மனுவில் "நடைபாதை ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும்" என்று இருக்கிறது. தகரம் அடித்த அன்றைக்கே அவர்களில் பெரும்பாலோர் அகன்றுவிட்டார்கள். பூக்காரம்மா, இளநீர்க்காரர், செருப்புத் தைப்பவர், இட்லி வண்டி. வேலை முடிந்ததும் அவர்களுக்கு இடம் இல்லை என்று இப்போதே எழுதி வைக்கிறீர்கள். 2014-ன் தெருவியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் குறித்துத் தரச் சொல்கிறது. அதற்குக் குழு இருக்கிறது, அதில் அவர்களுடைய பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். ராத்திரி பத்தரை மணி ரயிலில் தனியாக இறங்கி வரும் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு, படிக்கட்டின் அடியில் எரியும் ஒரு டீக்கடை விளக்கு நல்லதா, வெறிச்சோடிய டைல்ஸ் தரை நல்லதா? குறித்த இடத்தில், நடக்கிற வழியை விட்டு, அவர்கள் இருக்கட்டும்.

வீட்டுச் சொந்தக்காரர்களிடம் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒரு ரூம் போடலாமா என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். சாலிகிராமத்தில் சின்ன வேலைகள் செய்துகொண்டு பத்துக்குப் பத்து அறைகளில் இருக்கும் சினிமா உதவியாளர்களுக்கு இந்த ரயில் என்ன செய்யப்போகிறது என்பது வேறு. அட்வான்ஸ் ஏற ஏற அவர்கள் மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் நகர்வார்கள், அங்கிருந்து இந்த ரயிலுக்கு வருவதற்கு ஷேர் ஆட்டோ பிடிப்பார்கள். அந்த ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும்? வரைபடத்தில் அதற்கு ஒரு வளைவு ஒதுக்காவிட்டால் படிக்கட்டின் வாயிலேயே நிற்கும். பஸ் அதற்குப் பின்னால் நடுச்சாலையில் நிற்கும். போரூர் சந்திப்பில் இதற்கான ஒத்திகை தினமும் மாலை ஆறு மணிக்கு நடக்கிறது.

தண்ணீரையும் விட முடியாது. பாலத்தின் மேல் பெய்யும் மழை எல்லாம் தூணோடு இறங்கும் குழாய் வழியாகக் கீழே வருகிறது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு கான்கிரீட் கூரை அது. அந்த நீர் மண்ணுக்குள் இறங்கும் குழி எந்தெந்தத் தூணில் இருக்கிறது, மீதி எந்த வடிகாலுக்குப் போகிறது, அந்த வடிகால் விருகம்பாக்கம் கால்வாய்க்குப் போய்ச் சேருகிறதா அல்லது வழியில் யாருடைய பைலோ அதை அடைத்துவிட்டதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது விருகம்பாக்கத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தடுப்பு இருக்கும்போதே வடிகாலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தார் போட்ட பிறகு யாரும் தோண்ட மாட்டார்கள். தோண்டினால் அதுவும் தகராறு.

இத்தனைக்கும் நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு தாளைத்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும், இந்தப் பக்கக் கட்டிடச் சுவரிலிருந்து அந்தப் பக்கக் கட்டிடச் சுவர் வரைக்கும், குறுக்காக வெட்டிப் பார்த்தால் தரையில் என்ன இருக்கும் என்ற வரைபடம். நடைபாதை இத்தனை, வடிகால் இங்கே, பஸ் நிற்க இத்தனை, ஷேர் ஆட்டோ இங்கே, வண்டிக் கடை இங்கே, படிக்கட்டு இங்கே, மின்கம்பம் இங்கே. மெட்ரோ, நெடுஞ்சாலை, மாநகராட்சி மூன்றும் கையெழுத்துப் போட்டது. தமிழில். அந்தந்தத் தகரத் தடுப்பிலேயே ஒட்டியது. அந்தத் தகரத்தில் இப்போது அமைச்சர் படமும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வாசகமும் இருக்கின்றன. இடம் போதுமானது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது, நாட்டிலேயே முதல் மாநகராட்சியாக. ஆகவே நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. அவர்கள் எழுதி வைத்ததைத் திருப்பிப் படிக்கிறோம்.

எங்கே கேட்பது? மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 முதல் இருக்கின்றன. போய் உட்கார்ந்து தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அய்யப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் மக்களுக்கு அதைவிட வலுவான கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26 அன்று அது கூடும், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். வரைபடம் இல்லை என்று யாராவது சொன்னால் அதையே தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தாக வாங்குங்கள். "இல்லை" என்ற பதிலும் ஓர் ஆவணம்தான். அதை எடுத்துக்கொண்டு கும்டா கதவைத் தட்டலாம்.

பத்து சங்கங்கள் பத்து மனு கொடுத்தால் பத்தும் பத்து மேஜைக்குப் போகும். பவர் ஹவுஸ் முதல் பூந்தமல்லி வரைக்கும் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். அதற்கான முதல் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தால், வளசரவாக்கத்தில் மண்டப வாடகையில் பாதியை நான் தருகிறேன். ஷேர் ஆட்டோ சங்கத்தையும், விருகம்பாக்கம் மார்க்கெட் பெண்களையும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களில் இரண்டு பேரையாவது அழையுங்கள். மண்டபத்துக்குப் படி இருக்கக் கூடாது. ஆளுக்கொரு டேப் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் ஆழ்வார்திருநகர் நிலையத்திலிருந்து அளக்க ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
சாலிகிராமத்துக்காரன் ஒருவன்
சென்னை, 2025 நவம்பர்